ஒரு தவணைக்கு ஒரு கருப்பொருள்: வன்னியின் சித்திர வகுப்புக்கு எது பொருந்தும்?

இலங்கையின் வடக்கே வன்னியில் ஓர் ஆரம்பப் பாடசாலைக்குப் போய், “இயற்கைக் காட்சி ஒண்டு கீறுங்கோ” என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். சற்று நேரத்தில் தாள்தோறும் இரண்டு முக்கோண மலைகள் எழும்பியிருக்கும். நடுவில் பாதிச் சூரியன், கீழே வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு தென்னை, ஓட்டு வீடு. வன்னியோ மட்டமான நிலம். அப்படியொரு மலைத்தொடரைத் தங்கள் வாசலில் நின்று கண்ட பிள்ளை அந்த வகுப்பில் இருக்காது. அவர்கள் நாளும் பொழுதும் காண்பது குளக்கட்டு, வயல்வெளி, வடலிக் கூட்டம், வீதியோரத்துப் பாலை மரம். அவை தாளுக்கு வருவதேயில்லை. அண்ணா கீறியதை, அக்கா கீறியதை, சுவரில் தொங்குவதைப் பார்த்துக் கீறினால் பிழை வராது என்று பிள்ளை மிக விரைவில் கற்றுக்கொண்டுவிடுகிறது.

தரம் 1 முதல் 5 வரை சித்திரம் கற்பிப்பவர்களில் பெரும்பாலானோர் வகுப்பாசிரியர்கள். சித்திரத்துக்கென்று தனிப் பயிற்சி பெற்றவர் சிறிய பாடசாலைகளில் அருமை. ஒரே அறையில் இரண்டு மூன்று தரங்களை வைத்துப் பல்தரக் கற்பித்தல் செய்ய வேண்டிய இடங்களும் உண்டு. அப்படிப்பட்டவருக்கு ஒவ்வொரு கிழமையும் ஒரு புதுத் தலைப்புத் தேடுவது பெரும் பாரம். அதனால்தான் ஒரு தவணை முழுவதையும் ஒரே கருப்பொருளில் கட்டலாம் என்று பலரும் இப்போது பேசிக்கொள்கிறார்கள். நல்ல யோசனை. எந்தக் கருப்பொருள் என்பதில்தான் விடயம் இருக்கிறது. வன்னிப் பாடசாலை ஒன்றுக்குக் கைக்கெட்டிய வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, எதை எடுக்கலாம், எதைக் கவனத்தோடு தொடவேண்டும் என்று எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். நான் எல்லாவற்றையும் ஒரு கேள்வியால்தான் அளக்கிறேன்: வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், தான் கீறிய பொருளைப் பிள்ளை இன்னொரு தடவை போய்ப் பார்க்க முடியுமா?

எல்லோரும் முதலில் எடுப்பது பண்டிகை. தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, வெசாக், வாணி விழா, ஒளிவிழா, ஒக்ரோபர் 1ஆம் திகதி சிறுவர் தினம் என்று ஆண்டு தானாகவே தலைப்பைத் தந்துவிடுகிறது. பெற்றோருக்கும் அதிபருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. செய்த வேலை விழா மேடையில் தொங்கும், பிள்ளைக்கும் மகிழ்ச்சி. இதன் பலம் அவ்வளவும் உண்மையானது.

ஆனால் நாட்காட்டியை விரித்து வைத்துப் பாருங்கள். வழமையான பாடசாலை ஆண்டில் பண்டிகைகள் முதல் தவணையிலும் மூன்றாம் தவணையிலும் நெருங்கிக் கிடக்கும். இரண்டாம் தவணையில் வெசாக் கூடு செய்து முடித்தால் அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றுமில்லை. மூன்றாம் தவணையிலோ விழா ஒத்திகைக்கே பாடவேளைகள் போய்விடும். இன்னொன்று, வன்னி வகுப்பில் சைவப் பிள்ளையும் கத்தோலிக்கப் பிள்ளையும் வேறு கிறிஸ்தவ சபைகளைச் சேர்ந்த பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு என்று பல இடங்களில் முஸ்லிம் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிறார்கள். சரஸ்வதி படம் கீறும் நாளில் ஒரு பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு இருக்க நேர்ந்தால் அந்தப் பாடவேளை அந்தப் பிள்ளைக்கு நட்டம்.

இதைவிடப் பெரிய குறை படத்தில் தெரியும். பொங்கல் படம் என்றால் மூன்று கல்லு, ஒரு பானை, இரண்டு கரும்பு, மேலே சூரியன். வாழ்த்து அட்டையில் வருவதும் அதுவே, புத்தகத்தில் வருவதும் அதுவே. தன் வீட்டு முற்றத்தில் அம்மா எந்தப் பக்கம் முகம் வைத்துப் பொங்கினா, புகை எந்தப் பக்கம் போனது, அப்பா வெடி கொளுத்தும்போது நாய் எங்கே ஓடி ஒளிந்தது என்று பிள்ளையைக் கேட்டால் படம் உடனே வேறாகிவிடும். ஆகவே பண்டிகையைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. பொங்கலுக்கு மாக்கோலம் எடுங்கள். புள்ளி வைத்து இழுக்கும் கோட்டில் கணிதமும் இருக்கிறது, மதச் சிக்கலும் குறைவு. ஆனால் ஒரு தவணையையே தாங்கும் தூணாகப் பண்டிகை நிற்காது.

அடுத்தது கதை. இதில் வன்னிக்குச் சொந்தமான பெருஞ்செல்வம் இருக்கிறது, அதைத் தொடாமல் ஈசாப்பின் காகத்தையும் நரியையும் மட்டும் கீறுவித்துக்கொண்டிருக்கிறோம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கதையை எடுங்கள். நந்திக்கடலோரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களிடம் ஒரு மூதாட்டி வருகிறாள். பசிக்கிறது என்கிறாள். அவர்கள் புக்கை பொங்குகிறார்கள். விளக்கேற்ற எண்ணெய் இல்லை என்றபோது கடல் தண்ணீரை அள்ளி ஊற்றச் சொல்கிறாள், விளக்கு எரிகிறது. தலையில் பேன் பார்க்கச் சொன்னபோது, முடியை விலக்கிய சிறுவர்கள் தலை முழுவதும் கண்களைக் காண்கிறார்கள். ஆயிரம் கண். எட்டு வயதுப் பிள்ளையின் கைக்கு இதைவிட வேறு என்ன படம் வேண்டும்? கதையின் நாயகர்களே பிள்ளைகள்தானே. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை போய்வந்த பிள்ளைக்கு அந்த இடமும் தெரியும், சனமும் தெரியும்.

முல்லைத்தீவுப் பக்கத்தில் ஆடப்படும் கோவலன் கூத்தும் அப்படித்தான். கூத்துடுப்பை வண்ணத்தாளில் வெட்டி ஒட்டுச்சித்திரமாக்கலாம், ஈர்க்கில் குத்திப் பாவையாக ஆட்டலாம். சித்திரமும் தாய்மொழிப் பாடமும் ஒரே நேரத்தில் நடக்கும். பல்தர வகுப்புக்கு இது நன்றாகப் பொருந்தும்: சின்னவர்கள் மாட்டைக் கீற, பெரியவர்கள் கடற்கரையைக் கீறி, எல்லாவற்றையும் ஒரே நீளத்தாளில் ஒட்டலாம். அதேவேளை கோயிற்கதை என்பதால் பண்டிகைக்குச் சொன்ன சங்கடம் இதற்கும் கொஞ்சம் உண்டு. வகுப்பைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். கதையைச் சொல்லும் ஆசிரியருக்கு நாக்கு வேண்டும். அது இல்லாவிட்டால் எல்லாப் பிள்ளைகளும் பாடப்புத்தகப் படத்தைத் தேடிப் போய்விடுவார்கள். இரண்டு மூன்று கிழமைக்குக் கதை மிக நல்லது என்பேன்.

மூன்றாவது வழியை மெதுவாகத்தான் பேச வேண்டும். ‘நானும் என் குடும்பமும்’, ‘எனது வீடு’. ஆரம்ப வகுப்புப் பாடத்திட்டத்தின் சுற்றாடல்சார் செயற்பாடுகளோடு இயல்பாகவே இணையும் தலைப்பு இது. உலகம் முழுவதும் சிறு பிள்ளைகளுக்கு இதையே முதலில் கொடுக்கிறார்கள். வேறு ஊரில் என்றால் நானும் இதையே முதலில் வைத்திருப்பேன்.

வன்னியில் இந்தத் தலைப்பு ஒவ்வொரு வீட்டின் கதவையும் தட்டுகிறது. இன்று ஆரம்ப வகுப்பில் இருப்பவர்கள் போர் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தவர்கள்தான். ஆனால் அவர்களுடைய வீட்டில் சட்டம் போட்ட படங்கள் தொங்குகின்றன. திரும்பி வராத மாமாவுக்காக இன்னும் காத்திருக்கும் அம்மம்மா இருக்கிறா. தாய் தனியே நடத்தும் குடும்பங்கள் இருக்கின்றன, தாய் வெளிநாட்டில் இருக்க அம்மம்மாவோடு வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கடலோரக் கிராமம் என்றால் 2004 டிசம்பர் 26 சுனாமியில் போனவர்களும் அந்தப் படங்களில் இருப்பார்கள். “அப்பா, அம்மா, நான், தம்பி என்று கீறுங்கோ” என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால், சில பிள்ளைகளுக்கு அந்தத் தாளில் முதல் கோடு போடுவதே கனமாகிவிடும். சில பிள்ளைகள் இல்லாதவரையும் சேர்த்துக் கீறிவிட்டுப் பேசாமல் இருக்கும்.

அதற்காக இந்தத் தலைப்பைப் பூட்டி வைப்பதும் சரியில்லை. கீறுவது பிள்ளைக்கு ஆறுதலும்தான். தலைப்பைத் திறந்து விடுவதே வழி என்று நினைக்கிறேன். ‘என்னோடு இருப்பவர்கள்’ என்று கொடுங்கள். அதில் அம்மம்மா வரலாம், ஆட்டுக்குட்டி வரலாம், பக்கத்து வீட்டு அக்கா வரலாம். படத்தைச் சுவரில் ஒட்ட வேண்டாம், வகுப்பின் முன் நின்று விளக்கச் சொல்ல வேண்டாம். கறுப்பு நிறம் கூடவா, ஆளைச் சின்னதாகக் கீறியிருக்கா என்று பார்த்து ஆசிரியர் தானாகவே அர்த்தம் சொல்லவே கூடாது. கறுப்பு பெஸ்டல் மட்டும் நீளமாக மிஞ்சியிருந்ததும் காரணமாக இருக்கலாம். ஒரு பிள்ளை திரும்பத் திரும்ப ஒரே கலக்கத்தைக் கீறுகிறது, நடத்தையிலும் மாற்றம் தெரிகிறது என்றால் வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியரோடு பேசுங்கள். இந்தக் கவனம் எல்லாம் ஆசிரியருக்கும் வகுப்புக்கும் இடையில் நம்பிக்கை வந்த பிறகே முடியும். ஆண்டின் முதல் தவணையில், பிள்ளைகளின் பெயரே பாடமாகாத நேரத்தில், இதைத் தவணைக் கருப்பொருளாக எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

பொருளையே கருப்பொருளாக்கும் வழியும் ஒன்று உண்டு: பனை. சார்வோலையில் கிலுக்கும் குருவியும் பின்னலாம், கொட்டையைச் சீவி முகம் கீறலாம், ஊரிலேயே கடகமும் நீத்துப்பெட்டியும் பின்னும் ஓர் ஆச்சியை வகுப்புக்கு அழைக்கலாம். செலவு குறைவு. ஆனால் ஓலை வாருவதும் நறுக்குவதும் கத்தி வேலை, தரம் 1, 2 பிள்ளைகளுக்கு ஆகாது. தரம் 4, 5க்கு ஒரு மாத வேலையாக வைத்துக்கொள்ளலாம்.

இனி என் மனம் நிற்கும் இடத்துக்கு வருகிறேன். குளம்.

வன்னிக் கிராமங்கள் பலவற்றின் பெயரே குளத்தில் முடிகிறது. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, அக்கராயன், மன்னார்ப் பக்கத்தில் கட்டுக்கரை என்று பெரிய குளங்கள். அவற்றுக்கிடையில் பெயர் தெரியாத சின்னக் குளங்கள் எத்தனையோ. பிள்ளை பாடசாலைக்கு வரும் வழியில் குளக்கட்டோ வாய்க்காலோ வயலோ ஏதோ ஒன்று கட்டாயம் இருக்கும். முதலில் சொன்ன கேள்விக்கு இதைவிட நல்ல விடை கிடையாது. நாரையின் கால் எந்த நிறம் என்று வகுப்பில் சண்டை வந்தால், நாளைக்குப் பார்த்துக்கொண்டு வரலாம்.

வயதுக்கும் இது பொருந்துகிறது. பிள்ளைகளின் சித்திர வளர்ச்சியைப் படிநிலைகளாக வகுத்து 1947இல் எழுதியவர் விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக்கல்வியாளர். ஏழு முதல் ஒன்பது வயது வரையான பிள்ளை தாளின் அடியில் ஒரு தரைக்கோடு போட்டு அதன் மேல் எல்லாவற்றையும் நிறுத்தும் என்றும், வெளியே தெரியாத உள்ளிருப்பதையும் சேர்த்துக் காட்டும் என்றும் அவர் கவனித்திருந்தார். வீட்டுச் சுவரை ஊடுருவி உள்ளே இருக்கும் கட்டிலைக் கீறுவது அப்படித்தான். பெரியவர்கள் இதைப் பிழை என்று திருத்துவோம். குளத்தைக் கீறும்போது திருத்த வேண்டிய தேவையே இல்லை. தரைக்கோடு குளக்கட்டாகிவிடுகிறது. தண்ணீருக்குள் மீனும் ஆமையும் தாமரைக் கிழங்கும் முதலையும் வெளிப்படத் தெரிகின்றன. “ரீச்சர், உள்ளுக்க இருக்கிற மீன் வெளியில தெரியாதே, கீறலாமோ?” என்று கேட்கும் பிள்ளைக்கு, “உனக்குத் தெரியுதெல்லே, கீறு” என்று சொன்னால் போதும். தரம் 4, 5 பிள்ளை கண்ணுக்குத் தெரிவது போலவே வரவேண்டும் என்று வருந்தத் தொடங்கும் வயது. அவர்களுக்கு, குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துருசையும் மிகுநீர் வெளியேறும் வான்கதவையும் கொடுங்கள். நேர்கோடும் அளவும் உள்ள பொருட்கள், பார்த்துக் கீறினால் வரும். ஒரே கருப்பொருள் இரண்டு வயதுக்கும் இரண்டு விதமாக இடம் தருகிறது.

குளத்துக்கு ஆண்டு முழுவதும் ஒரே முகமும் கிடையாது. தை மாசி மாதங்களில் காலபோக அறுவடை: மஞ்சள் வயல், சூட்டு மெசின், வைக்கோல், அவற்றின் பின்னால் வரும் கொக்குக் கூட்டம். ஆடி ஆவணியில் சோளகக் காற்று, வற்றிய குளம், வெடித்த சேறு, அங்குமிங்கும் சிறு நீர்த்தேக்கம், அதைச் சுற்றிப் பறவைகள். கார்த்திகை மார்கழியில் மழை, குளம் வான் பாயும். ஒரே இடத்தை மூன்று தவணையிலும் ஒவ்வொரு முறை கீறி, ஆண்டிறுதியில் மூன்று தாளையும் பக்கத்தில் வைத்தால் பிள்ளை தன் வளர்ச்சியைத் தானே காணும். கிளிநொச்சி, முல்லைத்தீவில் 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட வீடுகள் நிறைய. மழைப் படத்தில் வெள்ளம் வந்தால் அதுவும் இருக்கட்டும்.

செலவையும் பார்ப்போம். 2022 நெருக்கடியில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். அதற்குப் பிறகு பெஸ்டல் பெட்டியும் பிறிஸ்டல் போட்டும் பழைய விலைக்குத் திரும்பவில்லை. பண்டிகைக் கருப்பொருள் மினுக்குத்தாளையும் ரிசுத்தாளையும் கேட்கும். குளத்துக்கு அவை தேவைப்படாது. செம்மண்ணைத் துணியில் அரித்துக் கஞ்சிப்பசையோடு குழைத்தால் நல்ல தவிட்டு நிறம். அடுப்புக்கரி கறுப்பு. மஞ்சள் கரைத்தால் மஞ்சள், அதிலேயே சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பாக மாறும். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். சுண்ணாம்பை ஆசிரியர்தான் கையாள வேண்டும், கண்ணில் பட்டால் ஆபத்து. தேக்கங்கொழுந்தைக் கசக்கினாலும் சிவப்பு வரும். நீலக் காக்கணான் பூச்சாறு நீலம், தேசிக்காய் பிழிந்தால் ஊதா. மஞ்சள் நிறம் வெயிலில் வெளிறிவிடும், ஆகையால் யன்னலோரத்தில் ஒட்ட வேண்டாம். இலைப் பதிப்புக்குப் பூவரசும் கொய்யாவும் நரம்பு நன்றாக விழும்.

களிமண் இந்தக் கருப்பொருளின் பெரிய கொடை. குளம் வற்றிய காலத்தில் ஒரு தகப்பனிடம் சொல்லி ஒரு சாக்கு மண் எடுப்பித்தால் வகுப்புக்குப் போதும். கல்லும் வேரும் பொறுக்கி, ஊறவைத்து, மிதித்துக் குழைத்து, கொஞ்சம் அரித்த மணல் சேர்த்தால் வெடிப்புக் குறையும். செய்த ஆமையையும் மாட்டையும் சோளகத்தில் நேரே வைத்தால் ஒரே நாளில் பிளந்துவிடும். நிழலில், ஈரச்சாக்கால் மூடி மெல்ல உலரவிட வேண்டும்.

குளத்துக்கும் குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. பிள்ளைகளைத் தண்ணீரோரம் கூட்டிப்போவது பெரிய பொறுப்பு. முதலை உள்ள குளங்கள் இருக்கின்றன, ஆழம் தெரியாத மண் எடுத்த கிடங்குகள் இருக்கின்றன. இலை பொறுக்கப் பற்றைக்குள் கை விட்டால் புடையன் கிடக்கலாம். வன்னிக்கே உரிய இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. வெடிபொருள் அகற்றும் வேலை இன்னும் முழுதாக முடியவில்லை. “வெளியில போய் வித்தியாசமான பொருளாப் பொறுக்கிக்கொண்டு வாங்கோ” என்ற ஒரு வசனத்தை இந்த மண்ணில் எந்த ஆசிரியரும் பிள்ளையிடம் சொல்லவே கூடாது. எதைச் சேகரிக்கலாம் என்று பெயர் சொல்லிக் கொடுங்கள்: உதிர்ந்த இலை, பூ, இறகு. எங்கே சேகரிக்கலாம் என்றும் சொல்லுங்கள்: பாடசாலை வளவு, வீட்டு முற்றம், நாளும் நடக்கும் பாதை. இரும்பாலான எதையும் தொட வேண்டாம், கண்டால் பெரியவருக்குச் சொல் என்பதைச் சித்திர வகுப்பிலும் திரும்பச் சொல்லலாம். குளத்தைப் பார்க்கப் பெற்றோரோடு சேர்ந்து ஒரு தடவை குளக்கட்டில் நடந்தால் போதும். மிச்சத்தைப் பிள்ளை தன் வழியில் பார்த்துக்கொள்ளும்.

கரையோரப் பாடசாலைக்கு நான் குளத்தைத் திணிக்க மாட்டேன். அங்கே வாடி, கரைவலை, கருவாடு காயும் மணல், வள்ளத்தின் நிறப்பட்டை. 1938இலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட சுண்டிக்குளம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு, கூட்டமாக இறங்கும் நீர்ப்பறவைகளைவிட நல்ல மாதிரி வேறெங்கும் கிடைக்காது. வவுனியா நகரப் பாடசாலை என்றால் சந்தையையும் புகையிரத நிலையத்தையும் எடுக்கலாம். நடந்து போய்ப் பார்க்க முடிவதை எடுங்கள் என்பதே அளவுகோல்.

ஒரு ஆண்டை எப்படிப் பிரிக்கலாம் என்று கேட்டால், முதல் தவணையில் பொங்கல் கோலத்தோடு தொடங்கி உடனே அறுவடை வயலுக்குப் போவேன். இரண்டாம் தவணை முழுவதும் குளம்: களிமண், மண் நிறம், இலைப் பதிப்பு. வைகாசிப் பொங்கல் வரும் கிழமைகளில் வகுப்பு ஏற்றுக்கொண்டால் வற்றாப்பளைக் கதை. மூன்றாம் தவணையில் மழைக்கு வெளியே போக முடியாது, அப்போது பிள்ளைகளை நன்கு அறிந்தும் இருப்போம். ‘என்னோடு இருப்பவர்கள்’ அந்த நேரத்துக்கு உரியது. விழா வேலைகள் அவற்றுக்குரிய கிழமையில் வந்து போகட்டும்.

தரம் 5க்கு மட்டும் இந்த ஒழுங்கு அப்படியே செல்லாது. புலமைப்பரிசில் பரீட்சை நெருங்க நெருங்கச் சித்திரப் பாடவேளை முதலில் பறிபோகும். அந்த வகுப்பாசிரியர் முழுத் தவணைக்குத் திட்டம் போட்டால் பாதியில் நிற்கும். பரீட்சைக்கு முன்னர் ஒரே பாடவேளையில் முடியும் சிறு வேலைகளை வைத்துக்கொண்டு, துருசையும் வான்கதவையும் அளந்து கீறும் பெரிய வேலையைப் பரீட்சை முடிந்த மறு கிழமைக்கு ஒதுக்குவது நல்லது. அந்தக் கிழமைகளில் பிள்ளைகளுக்கும் ஆசிரியருக்கும் நேரம் இருக்கும், பெற்றோரும் அப்போது மறுக்க மாட்டார்கள்.